கொசப்பேட்டைத் தெருக் குழு: பழைய வீடுகளில் மின் இணைப்புச் சோதனை

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பார்த்த எலக்ட்ரீஷியன், பியூஸ் கேரியரில் யாரோ எப்போதோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்ததையும், அதன் பீங்கான் கருகியிருந்ததையும் காட்டினார். வேலூர் வெயிலில் ஏசியும் மோட்டாரும் சேர்ந்து ஓடும் பழைய வீடுகளில் இது ஆபத்து என்பதால், வரும் ஞாயிறு காலை 9 மணி முதல் அவரே வீடு வீடாகச் சோதிக்க வருகிறார்.

1. மெயின் போர்டின் முன்னுள்ள பொருட்களை அகற்றி வையுங்கள். மூடியை நீங்கள் திறக்க வேண்டாம்.

2. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தச் சம்மதமா எனத் தெரிவியுங்கள். மிகைச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச், உடல் வழியே கசியும் மின்சாரத்தை உணராது.

3. எர்த் குழி இருக்குமிடத்தைக் காட்டுங்கள் (அதன்மேல் டைல்ஸ் போட்டவர்களில் நானும் ஒருவன்).

வெள்ளி இரவு 8 மணிக்குள் வீட்டு எண்ணுடன் பதிலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்