மாத்திரை இலவசம், லெவல் பார்க்க யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் நச்சியலுக்கு (நஞ்சுகளைப் பற்றிய படிப்பு) நாலே வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதிலும் போலீஸ், தடய அறிவியல் கூடம், பிரேதப் பரிசோதனை, அவ்வளவுதான். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். என் மேசைக்கு வந்த ரத்தமெல்லாம் அநேகமாக உயிரோடு நடமாடுகிறவர்களுடையது. அதில் நான் தேடியதும் அரளி விதையையோ பூச்சிமருந்தையோ அல்ல, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத்தான்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், மனநலத்துக்கான லித்தியம், இதயத்துக்கான டிகாக்சின், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்ற சில மருந்துகளுக்கு, குணப்படுத்தும் அளவும் கெடுதல் செய்யும் அளவும் பக்கத்து வீடு. அதனால் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் டோஸை முடிவு செய்ய வேண்டும். லெவல் பார்ப்பது என்போம்.

ஃபெனிடோயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி ரத்த நீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் சரி. ஆனால் இதைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதிக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கிவிட்டால், டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே லெவல் இரண்டு மடங்காகக்கூட எகிறிவிடும். கூடவே வேறொரு மருந்து வந்து அந்த நொதியை மந்தமாக்கினாலும் இதே கதைதான்.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். பல வருடமாக ஒரே டோஸ், ஒரு தொந்தரவும் இல்லை. திடீரென்று நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் பிள்ளை தொடவே மாட்டான் சார் என்று அந்த அம்மா வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி துடிக்கிறது. லெவல் 36. அப்புறம் விசாரித்ததில், அப்பாவுக்குக் காசநோய் வந்ததால் வீட்டில் இருந்தவர்களுக்கும் தடுப்பாக ஐசோனியாசிட் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததில் தப்பே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது ஈரல் நொதியை மந்தமாக்கி, ரத்தத்தில் ஃபெனிடோயினைத் தேக்கிவிடும். டோஸைக் குறைத்ததும் ஆள் பழையபடி நடந்து போனார். வேலை அதோடு முடியவில்லை. ஆறு மாதம் கழித்துத் தடுப்பு மாத்திரை நின்றதும் லெவல் இறங்கும், வலிப்பு திரும்பிவிடலாம். அப்போது மறுபடி பார்த்து டோஸை ஏற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்பினோம்.

இன்னொன்று லித்தியம். முந்தின இரவு மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினாலே கவலைதான். ஒரு நாள் 2.9 என்று வந்தது. டயாலிசிஸ் வரை பேச்சு போய்விட்டது. நோயாளியோ கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். குழாயைக் கொண்டுவரச் சொன்னேன். பச்சை மூடி! ரத்தம் உறையாமல் இருக்க அந்தக் குழாயில் பூசியிருந்ததே லித்தியம் ஹெப்பரின். சிவப்பு மூடிக் குழாயில் மறுபடி எடுத்தால் 0.7. இயந்திரம் பொய் சொல்லவில்லை, குழாயில் இருந்த லித்தியத்தைத்தான் அளந்தது. எந்தக் குழாய், எத்தனை மணிக்கு எடுத்தது, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டாரா என்றெல்லாம் துருவிக் கேட்பதற்குத்தான் ஆள் தேவை. அந்த வலி மாத்திரையே லித்தியத்தை ஏற்றிவிடும்.

இப்போது வேலை விஷயம். மருத்துவம் படித்து மருந்தியலில் எம்.டி. முடித்தவர்களுக்கு அதற்கு மேல் டி.எம். கிளினிக்கல் ஃபார்மகாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறது. மருந்தகம் பக்கம் போகிறவர்களுக்கு 2008-இல் தொடங்கிய ஆறு வருட ஃபார்ம்.டி. இருக்கிறது. என்னைப் போல உயிர்வேதியியல் வழியாக வந்தவர்களும் உண்டு. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் பலர் இப்போது சென்னையிலும் பெங்களூருவிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டு நோயாளிகளுக்கு வந்த பக்கவிளைவுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். நல்ல சம்பளம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் லெவல் பார்க்க மட்டும் விடிகாலை பஸ் ஏறி மதுரைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டுமே என்று வெறும் வயிற்றோடு வருவார்கள்.

அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரை இலவசம், லித்தியமும் இலவசம். பெரிய விஷயம்தான். ஆனால் டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், மாத்திரையும் மாறும். 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஃபெனிடோயின் காப்ஸ்யூலில் மருந்து அளவை யாரும் தொடவில்லை. நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் போட்டார்கள், அவ்வளவுதான். மருந்து கூடுதலாக உடம்பில் ஏறி, வழக்கமான டோஸ் சாப்பிட்டவர்களே தள்ளாட ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மருந்து கொடுக்கிற இடத்திலேயே அளக்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்று ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். தாலுகா மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, ரத்த நீரைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் அனுப்பினால் போதும். நோயாளி பஸ் ஏற வேண்டியதில்லை. பணியிடத்துக்கு நிதித்துறை சம்மதிக்க நாளாகும், தெரியும். அதுவரை, பரிசோதனைச் சீட்டில் இரண்டு கட்டம் சேர்த்து அச்சடிக்கலாம்: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு. அதற்கு அரசாணைகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக அலுவலர்,
மதுரை.