நாலு மணி மிஸ்டு கால்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும்,

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அலாட்மென்ட் ஆர்டர் வந்துவிட்டது. கோவை தடாகம் ரோடு அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), சிவில். அப்பா மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், அப்புறம் ஒன்றும் பேசாமல் தறிக்குப் போய்விட்டார்.

முதல் நன்றி கவுந்தப்பாடி அக்காவுக்கு.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீடு தறிப்பட்டறையை ஒட்டினது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகினவளை அலாரமா எழுப்பும்? கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பே வரும். சாயங்காலம் தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விடுவேன், படிக்க விடியற்காலை மட்டும்தான். ஒரு ஞாயிறு இதைப் புலம்பினபோது அக்கா சொன்னார், "நாலு மணிக்கு நான் பால் பீச்ச எந்திரிக்கறேன் அம்மிணி, அப்பிடியே ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். நீ கட் பண்ணோணும். பண்ணலீன்னா உடமாட்டேன்."

நவம்பரில் ஆரம்பித்தது, கடைசிப் பரீட்சை வரை ஒருநாள் தப்பவில்லை. மாட்டுப் பொங்கலன்றுகூட வந்தது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கட் செய்யாமல் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் பேச்சில்லை, சொம்பில் பால் விழுகிற சத்தம் மட்டும் சர் சர்ரென்று. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "எந்திரிச்சாச்சா? அப்பப் போனை வெய்யி, பால் சொசைட்டிக்கு நேரமாச்சு" என்றார்.

இன்ஜினியரிங் சீட்டுக்குப் பார்க்கிற கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்பதே அக்கா சொல்லித்தான் தெரியும். கணக்கில் ஒரு மார்க் போனால் முழுசாகப் போகும், மற்றதில் அரைதான் போகும், அதனால் விடியற்காலை எப்போதும் கணக்குத்தான். எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவர். "நான் படிச்சது சொசைட்டியில லிட்டர் எழுதத்தான் ஆவுது" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும் என்றதும் பழைய பள்ளிக்குச் சங்ககிரி வரை பைக்கில் கூட்டிப்போன அண்ணன், வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்குக்குக் காசு வாங்காத பிரவுசிங் சென்டர்காரர், பெண் பிள்ளையை ஹாஸ்டலுக்கா என்று நின்ற அம்மாவிடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும், புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் கைக்கு வரும் என்று நாலு தடவை வந்து பேசின அக்காக்கள், எல்லோருக்கும் நன்றி. அந்த ஒதுக்கீடு பொறியியலுக்கு வந்ததே 2021இல்தான். அதற்கு முந்தின வருஷம் பன்னிரண்டாவது முடித்த என் சித்தி பையன் இப்போதும் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறான். கொஞ்சம் முன்னால் பிறந்தது அவன் தப்பா?

ஹாஸ்டலுக்குப் போனாலும் நாலு மணிக்கு எழுவதை விடப்போவதில்லை. இந்த வருஷம் பன்னிரண்டாவது போகிற இரண்டு பேரின் நம்பர் வாங்கி ஆரம்பித்தும்விட்டேன். ஒருத்தி ஒழுங்காகக் கட் செய்கிறாள். இன்னொருத்தன் தினமும் எடுத்து "ஹலோ, யாருங்க?" என்கிறான்.