இச்சிரோவின் ஒரு வாக்கும் ஓட்டானியின் எழுபது கோடியும்

ஜனவரி 28, 2025

அன்புள்ள நண்பா,

அமெரிக்க பேஸ்பாலைப் பற்றிய உன் கடிதத்தில் இரண்டு பொருமல்கள். பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் இச்சிரோ சுசுகிக்கு வாக்குப் போடாத அந்த ஒரு மகானுபாவர் யாரென்று கண்டுபிடித்து, வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தைவிட்டே நீக்க வேண்டும் என்பது முதலாவது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி சம்பளத்தைப் பத்து வருடம் தள்ளிப்போட்டே நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப்போடுகிறது என்பது இரண்டாவது. முதலாவதற்கு இவ்வளவு கோபம் வீண். இரண்டாவதில் கோபம் சரி, கணக்குதான் இடிக்கிறது.

ஹால் ஆஃப் ஃபேமை முதலில் முடித்துவிடுகிறேன். மொத்தம் 394 வாக்குச்சீட்டுகள், இச்சிரோவுக்கு 393. 2020-இல் டெரெக் ஜீட்டருக்கும் இதேதான் நடந்தது, 397-க்கு 396. நூற்றுக்கு நூறு வாங்கியவர் 2019-இல் மரியானோ ரிவேரா ஒருவர்தான். தேர்வாக வேண்டிய 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் 76-க்கும் 99-க்கும் ஹால் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் ஒரே அளவு வெண்கலப் பலகைதான். வாக்குப் போடாத ஆளைச் சேர்ந்து குடிக்கக் கூப்பிட்டுவிட்டு இச்சிரோவே அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார். நாம் ஏன் பல்லைக் கடிக்க வேண்டும்?

பல்லைக் கடிக்க வேண்டிய இடம் சீட்டின் அடிப்பகுதி. சங்கத்தில் தொடர்ந்து பத்து வருடம் இருந்த பத்திரிகையாளருக்குத்தான் வாக்கு. அவர் ஒரு சீட்டில் பத்துப் பெயருக்கு மேல் குறிக்க முடியாது. ஐந்து சதவீதத்துக்குக் கீழே போன ஆட்டக்காரரின் பெயர் மறுவருடம் சீட்டிலேயே இருக்காது. இந்த வருடக் கணக்கில் உள்ளே போக 296 வாக்கு, பெயர் தங்க 20 வாக்கு. பத்துப் பேர் என்ற வரம்பும் இந்த ஐந்து சதவீதமும் சேரும்போதுதான் அநியாயம் நடக்கிறது.

யோஹான் சாந்தானாவை எடுத்துக்கொள். 2004, 2006 இரண்டு வருடமும் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது. 2018-இல் முதல்முறை சீட்டில் வந்தார், பத்து வாக்கு, 2.4 சதவீதம், அத்தோடு சரி. இந்த வருடம் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் முதல்முறை வந்திருக்கிறார். ஒரே ஒரு சை யங். ஒரு ஆட்டக்காரர் அணிக்கு எத்தனை வெற்றி கூட்டித் தந்தார் என்று சொல்லும் ‘வார்’ கணக்கில் இருவருமே 50-ஐ ஒட்டித்தான் நிற்கிறார்கள். ஆனால் ஃபெலிக்ஸுக்கு 20.6 சதவீதம். பந்து வீசியதில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது, வித்தியாசம் வரிசையில். 2018 சீட்டில் சிப்பர் ஜோன்ஸ், தோமி, குரேரோ, ஹாஃப்மன் நால்வரும் தேர்வானார்கள். அதற்கு மேல் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், முசினா, ஷில்லிங், எட்கர் மார்டினெஸ், லேரி வாக்கர், ரோலன் என்று கூட்டம். ஊக்கமருந்து விவகாரத்தால் பாண்ட்ஸும் கிளெமென்ஸும் உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் பத்து வருடம் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் போடுகிறவர் கையில் மிச்சம் எட்டு இடம். அந்த நெரிசலில் சாந்தானாவை யார் பதினோராவதாக நினைத்திருந்தாலும் எழுத இடமில்லை.

பில்லி வாக்னரின் கதையும் இதுவே, கொஞ்சம் நல்ல முடிவோடு. 2016-இல் 10.5 சதவீதம். போன வருடம் ஐந்தே வாக்கில் தவறியது. இப்போது பத்தாவது, கடைசி வாய்ப்பில் 82.5. இந்தப் பத்து வருடத்தில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. சீட்டில் இடம் காலியானது, அவ்வளவுதான். மொத்தம் 903 இன்னிங்ஸ், ஹாலில் உள்ள பந்துவீச்சாளர்களிலேயே குறைவு. அதைச் சொல்லித்தான் நீ அவரை வேண்டாம் என்கிறாய். ஆட்டத்தை முடித்துவைக்க ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் மட்டும் வரும் க்ளோஸரிடம் இன்னிங்ஸ் எண்ணிக்கையைக் கேட்பது, கல்யாணச் சமையல்காரரிடம் தினமும் எத்தனை இட்லி சுட்டாய் என்று கேட்பது மாதிரி. அவர் பந்தில் எதிரணியின் மட்டையடிச் சராசரி .187. அதைப் பார்.

சத்தமில்லாமல் போனவர்கள், மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் இரண்டு கேட்சர்கள்: ரஸல் மார்ட்டின், பிரையன் மெக்கேன். இருவரும் முதல் வருடமே ஐந்து சதவீதத்துக்குக் கீழே. விளிம்பில் வரும் பந்தைக் கையுறையை அசைத்துக் காட்டாமல் வாங்கி, நடுவரை ‘ஸ்ட்ரைக்’, அதாவது அடிக்கத்தக்க பந்து, என்று சொல்ல வைக்கும் ஃபிரேமிங் கலையில் இருவருமே கெட்டிக்காரர்கள். புள்ளிவிவரத் தளங்களில் ஃபேன்கிராஃப்ஸ் அந்த வேலையைத் தன் ‘வார்’ கணக்கில் சேர்க்கிறது, பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை. மார்ட்டினுக்கு மட்டும் இரண்டு கணக்குக்கும் இடையில் சுமார் 15 வித்தியாசம். இதைப் பேசி முடிக்க இரண்டு மூன்று வருடமாவது வேண்டாமா? ஒரே ஜனவரியில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கார்லோஸ் பெல்ட்ரானுக்கு 277 வாக்கு, உள்ளே போக இன்னும் 19 வேண்டும். 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் சைகைத் திருட்டில் அவர் பெயர் அடிபட்டது உனக்கே தெரியும். எந்தப் பந்து வரும் என்று சொல்லும் கேட்சரின் விரலைச் சென்டர் ஃபீல்டு கேமரா காட்டும், டக்கவுட்டுக்குப் பின்னால் நடைவழியில் வைத்த டிவியில் அதைப் பார்ப்பார்கள். வேகம் குறைந்த பந்து என்றால் குப்பைத்தொட்டியில் ஒன்றோ இரண்டோ தட்டு, சத்தமே இல்லையென்றால் வேகப்பந்து. முதல் வருடம் 46.5, அடுத்து 57.1, இப்போது 70.3. அடுத்த ஜனவரியில் போய்விடுவார் என்றே நினைக்கிறேன். பத்து வருடம் நின்றும் பாண்ட்ஸ் 66-ஐத் தாண்டவில்லை. குப்பைத்தொட்டிக்கு மூன்று வருடம், ஊக்கமருந்து ஊசிக்கு ஆயுள் என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

டிக் ஆலனை டிசம்பரில் பழைய ஆட்டக்காரர்களுக்கான பதினாறு பேர் குழு எடுத்திருக்கிறது. அங்கே 12 வாக்கு வேண்டும், ஒருவர் மூன்று பெயர்தான் எழுதலாம். 2014-இலும் 2021-இலும் ஆலனுக்கு 11, ஒன்று குறைவு. 2020 டிசம்பரில் மனிதர் இறந்தே போனார். ஒரு வாக்குக்குக் கோபப்படுவதானால் அந்த ஒரு வாக்குக்குப் படு.

இனி பணம். 2025 ஐபிஎல் ஏலத்தில் ஒரு அணிக்கு 120 கோடி ரூபாய் என்றால் அதோடு கை கட்டு. பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது, மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் சொகுசு வரிதான் உண்டு. டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தம் 10 வருடம், 70 கோடி டாலர். வருடத்துக்கு 20 லட்சம் மட்டும் இப்போது, மீதி 6.8 கோடி பத்து வருடம் கழித்து, வட்டியில்லாமல். வரிக் கணக்கில் இதை 4.43 சதவீதத்தில் கழித்துப் பார்க்கிறார்கள். 6.8 கோடியை 1.0443-ஆல் பத்து முறை வகுத்தால் சுமார் 4.41 கோடி. கையில் வரும் 20 லட்சத்தைக் கூட்டினால் 4.61 கோடி. ஆக, அவருடைய விலை பத்து வருடத்துக்கு 46 கோடி, 70 என்பது பத்திரிகைத் தலைப்புக்கு. ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் அணி கொடுத்த 76.5 கோடியில் தள்ளிப்போட்டது ஒரு டாலர்கூட இல்லை. 15 வருடத்தால் வகுத்தால் 5.1 கோடி. யார் அதிக விலை என்று இப்போது சொல்.

பணத்தைக் கொடுக்காமல் சமாளிக்கிறார்கள் என்பதும் சரியில்லை. தள்ளிப்போட்ட தொகையின் இன்றைய மதிப்பை, அந்தப் பருவம் முடிந்து வரும் இரண்டாவது ஜூலை 1-க்குள் அணி தனியாக ஒதுக்கிவைத்தாக வேண்டும். இந்த வழி டாட்ஜர்ஸ் கண்டுபிடித்ததும் இல்லை. 2015-இல் வாஷிங்டன் அணி மேக்ஸ் ஷெர்சருக்குக் கொடுத்த 21 கோடியில் பாதி தள்ளிப்போட்டதுதான். பாபி பொனியாவை மறந்திருக்க மாட்டாய். மெட்ஸ் அவருக்குத் தர வேண்டியிருந்த 59 லட்சம் டாலர், 8 சதவீத வட்டியில் பதினோரு வருடம் ஊறி 1.37 கோடியானது. அதை 25 தவணையாகப் பிரித்ததால்தான் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-இலும் 11,93,248 டாலர் போகிறது. அவருக்கு வட்டி உண்டு, ஓட்டானிக்கு இல்லை. ஓட்டானி 2034-இல் கலிஃபோர்னியாவை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறினால் 13.3 சதவீதம் வரை போகும் மாநில வருமான வரி மிச்சமாகலாம். அது அரசாங்கத்தின் தலைவலி, எதிரணியின் தலைவலி இல்லை.

டாட்ஜர்ஸின் கையை முறுக்குவது வரிதான். 2025-க்குக் கோடு 24.1 கோடி. தொடர்ந்து மூன்றாவது வருடம் தாண்டுகிறவருக்கு, தாண்டிய தொகையில் 50 சதவீதம் வரி. 30.1 கோடிக்கு மேல் போனால் கூடுதலாக 60. அதற்கு மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹென் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த உயரத்தில் ஒரு கோடி டாலருக்கு ரிலீவரை, அதாவது மாற்றுப் பந்துவீச்சாளரை, எடுத்தால் 1.1 கோடி வரி, மொத்தம் 2.1 கோடி. 28.1 கோடியைத் தாண்டினாலே புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வு பத்து இடம் பின்னால் போகும். 2024-இல் ஒன்பது அணிகள் வரி கட்டின, டாட்ஜர்ஸ் மட்டும் 10.3 கோடி. சாம்பியன் பட்டமும் வாங்கினார்கள், பில்லையும் கட்டினார்கள்.

உன் கோபத்தை நான் திருப்பிவிட விரும்புவது மறுபக்கம். எல்லா அணிகளும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. சின்ன ஊர் அணிக்கு அது கொழுத்த வரவு. அதை ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்காமல் பெட்டியில் வைத்தால் யார் கேட்பது? வாங்கியதில் ஒன்றரை மடங்காவது சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டக்காரர் சங்கம் புகார் கொடுக்கலாம். ஓக்லண்டை விட்டுக் கிளம்பிய ஏ’ஸ் அணி திடீரென்று லூயிஸ் செவரினோவுக்கு மூன்று வருடத்துக்கு 6.7 கோடி கொடுத்ததே, அதுவரை அவர்கள் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம், அதற்குப் பின்னால் இந்தப் பயம் இருந்ததாகத்தான் பேச்சு. மேலே வரிக் கோடு வைத்தவர்கள் கீழேயும் ஒரு கட்டாயக் கோடு வைக்காதவரை இந்தப் பஞ்சாயத்து தீராது. அணிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. போன தடவை 99 நாள் கதவடைப்பு.

ஒப்பந்தம் முடிந்த பீட் அலோன்ஸோவும் அலெக்ஸ் பிரெக்மனும் நான் இதை எழுதும்வரை எந்த அணியோடும் கையெழுத்துப் போடவில்லை. இருவரும் பழைய அணி நீட்டிய 2.1 கோடி டாலர் ஒருவருடச் சலுகையை மறுத்தவர்கள். ஆகவே வெளி அணி எடுத்தால் டிராஃப்ட் தேர்வை இழக்கும், வரி கட்டும் அணியென்றால் இரண்டாவதும் ஐந்தாவதும் இரண்டுமே போகும். மெட்ஸுக்கு அலோன்ஸோ சொந்த ஆள், அந்த இழப்பு கிடையாது. வரி மட்டும்தான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் மெட்ஸுக்கே திரும்புவார் என்று நான் நினைக்கிறேன். உன் கணிப்பை எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று எண்ணோடு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்