பேண்ட்ரி பையனைத் திட்டிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயில் சாப்பாட்டைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் பேண்ட்ரி (ரயிலில் இருக்கும் சமையல் பெட்டி) ஊழியர்கள் மீதுதான் பாய்கின்றன. கூடுதலாகக் காசு கேட்கிறார்கள், பில் தருவதில்லை, ஏன் என்று கேட்டால் முறைக்கிறார்கள் என்று. எல்லாமே நடப்பதுதான். ஆனால் தட்டை நீட்டுகிற பையனோடு நம் கோபத்தை முடித்துக்கொண்டால் இன்னும் 20 வருடம் போனாலும் இதே சாப்பாடுதான் கிடைக்கும். அந்தத் தட்டுக்கு டெண்டர் விடும் முறையைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கை நாக்பூரில் இருக்கிறாள். அம்மாவை அழைத்துக்கொண்டு அடிக்கடி போய்வருகிறேன். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டிலிருந்து புளிசாதமும் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவோம். அது ராத்திரிக்கும் காலைக்கும் வரும். மதியத்துக்குப் பேண்ட்ரியைத்தான் நம்ப வேண்டும்.

கடந்த முறை போனபோது ரயில் தாமதம். வாரங்கலில் ஆர்டர் எடுத்தவர், அரை மணியில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாரங்கலை விட்டால் மகாராஷ்டிரத்தில் இருக்கும் பல்லார்ஷாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாமல் ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பிஸ்கட் கொடுத்துச் சமாளித்தேன். கடைசியில் பெட்டி வந்தது. திறந்தால், சோறு டப்பாவின் வடிவத்திலேயே கட்டியாக நின்றது. பருப்பில் தண்ணீர் தனியாகத் தெளிந்திருந்தது. பரோட்டா இரண்டும் ஃபாயிலோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தன. தயிர் தீர்ந்துவிட்டதாம். 130 ரூபாய் கேட்டார்கள். பில் கேட்டதற்கு மெஷினில் சார்ஜ் இல்லை என்றார்கள்.

அம்மா அந்தச் சோற்றுக் கட்டியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இது நூறு கிராம்கூட வராதும்மா" என்றார். வருடக்கணக்கில் பிள்ளைகளுக்கு அளந்து போட்ட கை அது, தப்பாது. ரயில்வேயின் பட்டியலில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கு என்ன இருக்க வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது: சோறு 150 கிராம், பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், காய் 100 கிராம், இரண்டு பரோட்டா அல்லது நான்கு சப்பாத்தி, தயிர் 80 கிராம், ஊறுகாய் 12 கிராம். ரயிலுக்குள் விலை 80 ரூபாய், ஸ்டேஷனில் 70. இந்த 150 கிராம் என்பது வெந்த சோறு. அரிசியாகப் பார்த்தால் 60 கிராமுக்குப் பக்கம்தான் வரும். சத்துணவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம் அரிசி என்று அளந்து உலையில் போட்டவர் என் அம்மா. ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வரும் பெரியவர்களுக்குப் பட்டியலில் எழுதியிருப்பதே இவ்வளவுதான். அதிலும் குறைத்தால் என்ன மிஞ்சும்?

சாயங்காலம் டீ கொண்டுவந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். மத்தியப் பிரதேசத்துப் பையன், வயது இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாதாம், விற்கிற விற்பனையில்தான் பங்கு. இரவில் பேண்ட்ரியிலேயே சாமான் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறான். ஒரு நடைக்கு இவ்வளவு காசை மேனேஜரிடம் எண்ணி வைக்க வேண்டும், குறைந்தால் அவன் கைப்பங்கில் கழியும். 80 ரூபாய்ச் சாப்பாட்டை 130க்கு விற்கும் புத்தி அந்தப் பையனுக்குத் தானாக வந்தது என்று நான் நம்பவில்லை.

கணக்கு இதுதான். ரயிலில் உணவு வழங்கும் உரிமைக்கு டெண்டர் விடுகிறார்கள். தகுதி பெற்றவர்களில் யார் அதிக உரிமக் கட்டணம் கட்டுவதாக எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம் போகிறது. விற்கும் விலையோ 2019 இறுதியில் நிர்ணயித்த அதே 80 ரூபாய். அதற்குள் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம். பருப்பும் எண்ணெயும் கேஸும் அன்றைய விலையிலா இருக்கின்றன? போட்டியில் கட்டணத்தை ஏற்றிக் கேட்டு ஒப்பந்தத்தை எடுத்தவர், போட்ட காசை எங்கே எடுப்பார்? பருப்பில் தண்ணீர் விடலாம், சோற்றைக் குறைக்கலாம், பில் போடாமல் கூட்டி விற்கலாம், பரிமாறுகிற பையனின் கூலியில் கை வைக்கலாம். நாம் ரயிலில் அன்றாடம் பார்ப்பது இந்த நான்கையும்தான்.

நான் மட்டும் சொல்லவில்லை. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 74 ரயில் நிலையங்களிலும் 80 ரயில்களிலும் கூட்டு ஆய்வு நடத்தி எழுதிய அறிக்கை. டீ, காபிக்குச் சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீர், மூடாத குப்பைத் தொட்டிகள், ஈ மொய்க்கத் திறந்து கிடந்த உணவு, எலியும் கரப்பானும், பில் தராமல் விற்பது என்று எல்லாமே அதில் இருக்கிறது. இதை அப்போது எல்லாப் பத்திரிகைகளும் பெரிதாகப் போட்டன. அதே அறிக்கை சொன்ன இன்னொரு விஷயம் கவனத்துக்கு வரவில்லை. உணவுக் கொள்கையை அடிக்கடி மாற்றி, பொறுப்பை ரயில்வேயின் உணவு, சுற்றுலா நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.க்குக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதுமாக இருந்ததே நிச்சயமற்ற நிலையை உண்டாக்கியது என்று அது குறிப்பிட்டது. 1999இல் ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கப்பட்டது. 2010 கொள்கை ரயில் உணவை அதனிடமிருந்து எடுத்து மண்டல ரயில்வேக்களிடம் கொடுத்தது. 2017 கொள்கை மறுபடியும் ஐ.ஆர்.சி.டி.சி.யிடமே தந்தது. நிர்வாகம் கை மாறிக்கொண்டே இருந்த இத்தனை வருடங்களிலும் உரிமக் கட்டண முறையை மட்டும் யாரும் தொடவில்லை.

2017 கொள்கையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. சமைப்பதையும் பரிமாறுவதையும் பிரித்து, வழியில் உள்ள பெரிய நிலையங்களில் சமையற்கூடம் வைத்து அங்கிருந்து சாப்பாட்டை ஏற்றுவது. ஓடும் வண்டியில் அடுப்பு எரிப்பதைவிட இதுதான் பாதுகாப்பு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், யாத்ரீகர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அது பேண்ட்ரி கார் இல்லைதான். ஆனால் ரயில் பெட்டிக்குள் நெருப்பு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை நம் ஊரிலேயே பார்த்துவிட்டோம்.

அந்தச் சமையற்கூடங்களை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதிகக் கட்டணம் கேட்டவர் கையில் மறுபடியும் கொடுத்தால் பழைய கதைதான். இந்த மாநிலத்தில் சத்துணவுக் கூடங்கள் இருக்கின்றன. 2013இலிருந்து அம்மா உணவகங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். 2022இலிருந்து பள்ளிகளில் காலை உணவும் நடக்கிறது. இவர்களில் யாரும் சமைக்கும் உரிமைக்காக அரசுக்குக் கட்டணம் கட்டுவதில்லை. அளவு எழுதப்பட்டிருக்கிறது, அந்த அளவுக்குச் சமைக்கிறார்கள். ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி, திருச்சி, விழுப்புரம் நிலையங்களில் ஒரு மகளிர் குழுவுக்கு இடமும் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து, சாம்பார் சாதம், தயிர் சாதம், இட்லி, சப்பாத்தி என்று நான்கே வகை செய்யச் சொல்லுங்கள். கட்டணம் வேண்டாம். தரத்தைச் சோதியுங்கள். எங்கே, எத்தனை மணிக்குச் சமைத்தது என்பதைப் பொட்டலத்தின் மேல் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். க்யூ.ஆர். கோடு ஒட்டுவதாக ரயில்வே சொல்கிறது, நல்லதுதான். மேல் பெர்த்தில் படுத்திருக்கும் பெரியவர் அதை எதை வைத்துப் படிப்பார்?

செயலியில் ஆர்டர் செய்தால் அடுத்த நிலையத்தில் சீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்று சிலர் கேட்கலாம். நானும் வாங்கியிருக்கிறேன். வண்டி நேரத்துக்குப் போனால் பிரச்சினை இல்லை. பெரிய போனும் கையில் இன்டர்நெட்டும் இல்லாதவருக்கு அது உதவாது.

ரயில்வே நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023இல் பொதுப்பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராகவே பிளாட்ஃபாரத்தில் மேசை போட்டு, 20 ரூபாய்க்கு ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாயும், 3 ரூபாய்க்கு 200 மில்லி தண்ணீரும் விற்கத் தொடங்கினார்கள். கூட்டத்தில் இடத்தை விட்டு இறங்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. 2022 நவம்பரில் நீரிழிவுக்காரர்களுக்கான உணவு, குழந்தைகளுக்கான உணவு, அந்தந்த ஊர்ச் சாப்பாடு எல்லாம் மெனுவில் சேர்த்துக்கொள்ள ஐ.ஆர்.சி.டி.சி.க்கு அனுமதியும் கொடுத்தார்கள். நாங்கள் போகும் ஸ்லீப்பர் பெட்டிகளில் சர்க்கரைக்காரருக்கு என்று ஒரு தட்டு வந்து நான் பார்க்கவில்லை. கட்டணத்தை மீட்க ஓடுகிற ஒப்பந்தக்காரர் நான்கு பேருக்காகத் தனியாக எதைச் சமைப்பார்?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 1930இலிருந்து ஓடும் மும்பை - புனே டெக்கான் குயினில் மேசை நாற்காலி போட்ட உணவகப் பெட்டி இருக்கிறது, 40 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அது ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கு மேல் ஓடுகிறது. அதில் வேலைக்குப் போய்வரும் அசாம், வங்காளத் தொழிலாளர்கள் மடியில் தட்டை வைத்து, காலுக்கடியில் மூட்டையை வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு நாளைத் தாண்டி ஓடும் ரயில்களில் ஒரே ஒரு பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுத்தால், வயதானவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து நான்கு வாய் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். வாங்கும்போதே எல்லோர் முன்னாலும் விலை சொல்லி பில் போட வேண்டியிருக்கும் என்பதால் ஏமாற்றுவதும் குறையும்.

இப்போதைக்கு ஒரு சின்ன வேலையிலிருந்து தொடங்கலாம். தெற்கு ரயில்வேயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன, நம் எம்.பி.க்களின் பிரதிநிதிகளும் அவற்றில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நீண்ட தூர ரயிலுக்கும் ஒப்பந்தக்காரர் கட்டும் உரிமக் கட்டணம் எவ்வளவு? அந்த ரயிலில் பரிமாறும் ஊழியருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? பதில் கிடைத்ததும் ரயில் வாரியாக உங்கள் பத்திரிகையில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.