மறுப்பதானால் நேரத்தோடு மறுத்துவிடுங்கள்

தமிழ்நாட்டின் காவல் நிலையங்களில் ஆர்ப்பாட்ட மனுக்களை வாங்கும் ஆய்வாளர்களுக்கும், அவற்றின்மேல் முடிவெடுக்கும் துணைக் கண்காணிப்பாளர்கள், உதவி ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கள் பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கத்தில் மனு எழுதுவது என் வேலை. வாக்கியம் ஒழுங்காக வரும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். குடிநீர், எரியாத தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை, தோண்டிப் போட்டு மூடாத பாதாளச் சாக்கடை என்று எங்கள் கோரிக்கைகளின் உயரம் அவ்வளவுதான். அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்துப் பார்த்து, ஒன்றும் நடக்காதபோது ஒரு மணி நேரம் கூடி நின்று கோஷம் போட நினைக்கிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்களிடம் வருகிறோம்.

வந்தால் என்ன நடக்கிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரைட்டர் மனுவை வாங்கிக்கொள்வார். ஒப்புகை கேட்டால் அப்புறம் வாங்கிக்கலாம் என்பார். மறுநாள் போனால் ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். அதற்கும் மறுநாள் ‘மேலே அனுப்பியிருக்கு’. இதற்கிடையில் உளவுப் பிரிவிலிருந்து ஒருவர் போனில் அழைத்து, எத்தனை பேர் வருவீர்கள், பெண்கள் உண்டா, வெளியூரிலிருந்து யாராவது பேச வருகிறார்களா என்று மரியாதையாகவே விசாரிப்பார். ஆக, மனுவை யாரோ படித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. பதில்தான் வராது. ஆர்ப்பாட்டம் காலை பத்து மணிக்கு என்றால், முந்தின நாள் இரவு ஒரு காவலர் பைக்கில் வந்து தாள் ஒன்றை நீட்டுவார். போக்குவரத்துக்கு இடையூறு ஏற்படும், சட்டம் ஒழுங்கு பாதிக்கப்பட வாய்ப்புள்ளது, 30(2) அமலில் உள்ளது, ஆகவே அனுமதி மறுக்கப்படுகிறது.

மறுப்பைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். என் முதல் புகார் அந்த நேரத்தைப் பற்றியது.

ஐந்து நாளுக்கு முன்னால் அந்தத் தாள் கைக்கு வந்திருந்தால் நாங்கள் இடத்தை மாற்றியிருப்போம், மைக் செட் வேண்டாம் என்றிருப்போம், உங்கள் மேலதிகாரியைப் போய்ப் பார்த்திருப்போம், அதுவும் முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போவதைப் பற்றி யோசித்திருப்போம். இரவு ஒன்பது மணிக்குக் கொடுக்கிற தாளை எதிர்த்து எங்கே போவது? பெரிய கட்சிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு வழக்கறிஞர் அணி இருக்கிறது. மறுப்பு வருமுன்பே ரிட் மனு தட்டச்சாகி இருக்கும். உயர் நீதிமன்றத்தில் அவசரமாக முறையிட்டு, நிபந்தனைகளோடு அனுமதி வாங்கி வந்துவிடுவார்கள். நீங்களும் அவர்களுக்குத் தடுப்புக் கட்டை போட்டு, வாகனங்களை மாற்றுப் பாதையில் அனுப்பி வைப்பீர்கள். சென்னைக்கோ மதுரைக்கோ போய் வழக்கு நடத்தக் காசில்லாத தெருக்காரர்களுக்கு, அரசியல் சாசனம் 19ஆம் பிரிவில் கொடுத்த, அமைதியாகக் கூடும் உரிமை, முந்தின நாள் இரவு நீங்கள் அனுப்பும் தாளோடு முடிந்துபோகிறது. அங்கே உச்ச நீதிமன்றம் நீங்கள்தான்.

அந்தத் தாளில் வரும் 30(2) பற்றி ஒரு வார்த்தை. 1857 கலகம் அடங்கிய சூட்டில் வெள்ளைக்கார அரசு 1861இல் போட்ட போலீஸ் சட்டத்தின் உட்பிரிவு அது. தெருவில் கூடவிருக்கும் ஒரு கூட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் அமைதி கெடும் என்று தோன்றினால், கூட்டுபவர்களை உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம், உரிமத்தில் நிபந்தனை போடலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆகவே ‘30(2) அமலில் இருப்பதால் அனுமதி இல்லை’ என்று எழுதுவது, ரேஷன் கடை திறந்திருப்பதால் அரிசி இல்லை என்று சொல்வது போல. சென்னை மாநகரத்துக்கு வேறு சட்டம், 1888ஆம் வருஷத்தது. அதன் 41ஆம் பிரிவின்படி ஆணையர் கூட்டங்களுக்குத் தடை போடலாம். ஆனால் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாளுக்கு மேல் அது நீடிக்கக் கூடாது. 15 நாள் முடிந்ததும் இன்னொரு 15 நாள் என்று அறிவிப்பு வருவதைப் பார்த்துப் பார்த்து, அமாவாசை பௌர்ணமி போல இதையும் பழகிக்கொண்டோம்.

தெருவில் கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் காரணமோ வரையறையோ இல்லாமல் அனுமதி மறுக்கும் அதிகாரத்தை ஓர் அதிகாரியின் கையில் கொடுக்க முடியாது என்று 1972லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அகமதாபாத் போலீஸ் கமிஷனருக்கு எதிராக ஹிம்மத்லால் ஷா தொடுத்த வழக்கு அது. ‘யாராவது வந்து கலாட்டா செய்வார்கள்’ என்ற காரணத்துக்கும் பதில் உண்டு. தமிழ்ப் படம் ஒன்றுக்குக் கிளம்பிய எதிர்ப்பை ஒட்டி 1989இல் வந்த ரங்கராஜன் தீர்ப்பில், மிரட்டலுக்கும் வன்முறைக்கும் பயந்து கருத்துரிமையை ஒடுக்க முடியாது, அதைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று எழுதியிருக்கிறார்கள். கலாட்டா செய்பவனைத் தடுப்பதுதான் உங்கள் வேலை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

தீர்ப்பு வருவதற்கும் அது ஸ்டேஷனுக்கு வந்து சேருவதற்கும் நடுவில் வருஷங்கள் ஓடிவிடுகின்றன என்பதுதான் என் சந்தேகம். இணையத்தில் எழுதுபவர்கள்மேல் பாய்ந்துகொண்டிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. அந்தச் செத்த பிரிவில் நாடெங்கும் இன்னும் வழக்குகள் பதிவாகின்றன என்று கேட்டு அதே நீதிமன்றம் 2021இல் அதிர்ச்சி தெரிவித்தது. நம் ஊர் உதாரணம் இன்னும் பொருத்தமானது. 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஜீவானந்தம் வழக்கில், அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவது பற்றிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் காவல் துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அமைதியாகப் போராடியவர்கள்மேல் ‘சட்டவிரோதமாகக் கூடுதல்’ என்று 143ஐச் சேர்த்துவிடும் பழக்கத்தையும் ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்த 188, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 223 ஆகிவிட்டது. எண் மாறியதோடு நிற்கவில்லை: சாதாரண மீறலுக்கு ஒரு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம் வரை என்றிருந்தது, ஆறு மாதம் அல்லது 2,500 ரூபாய் வரை என்று ஏறிவிட்டது.

அனுமதி மறுத்த பிறகும் நாங்கள் கூடினால் என்ன ஆகும் என்பதும் ஊரறிந்த சடங்குதான். வேனில் ஏற்றுவீர்கள், கல்யாண மண்டபத்தில் அடைப்பீர்கள், மத்தியானம் பொட்டலம் வரும், சாயங்காலம் விட்டுவிடுவீர்கள். கட்சிக்காரர்களுக்கு இது பழக்கப்பட்ட ஒரு நாள் வேலை. மண்டபத்தில் எடுத்த படம் நாளைக்கு போஸ்டரில் வரும். வேலை தேடும் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. எஃப்.ஐ.ஆரில் முதல் ஐந்தாறு பேரின் பெயரை எழுதி ‘மற்றும் பலர்’ என்று முடிப்பீர்களே, அந்தப் ‘பலர்’ யார் என்பது பிறகு எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளக் கூடிய காலியிடம். கூட்டத்தில் நின்றவன், வேடிக்கை பார்த்தவன், தாத்தாவை வண்டியில் கொண்டுவந்து இறக்கியவன் எவனும் அதற்குள் வரலாம். பிறகு பாஸ்போர்ட் விசாரணைக்கு உங்கள் ஆள் வருவார். ‘உங்க பேர்ல ஒண்ணு இருக்கே தம்பி’ என்பார். பாஸ்போர்ட்டாவது எப்படியோ கிடைத்துவிடும். போலீஸ் வேலைக்கே விண்ணப்பித்திருந்தால்? வழக்கில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தாலும் ‘குற்ற வழக்கில் ஈடுபட்டவர்’ என்றே கணக்கில் கொள்ளும் விதி காவலர் தேர்வில் இருக்கிறது. உங்கள் துறைக்கு வர ஆசைப்பட்ட ஒரு பையனை, தண்ணீர் கேட்டு அம்மா பக்கத்தில் குடத்தோடு நின்றதற்காக உங்கள் துறையே வெளியே நிறுத்துகிறது.

இந்த வழக்குகளை நடத்தி முடிக்கும் எண்ணம் அரசுகளுக்கே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. 2021இல் தேர்தல் நெருங்கியபோது அன்றைய ஆட்சி, குடியுரிமைச் சட்ட எதிர்ப்புப் போராட்ட வழக்குகளையும் ஊரடங்கு மீறல் வழக்குகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சில மாதத்தில் வந்த அடுத்த ஆட்சி, வேளாண் சட்டங்கள், எட்டு வழிச் சாலை, கூடங்குளம் தொடர்பான வழக்குகளை வாபஸ் வாங்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. இருவருக்கும் நன்றி. ஆனால் மொத்தமாகத் தள்ளுபடி செய்யக்கூடிய வழக்கை எதற்காகப் போட்டார்கள்? அதற்குள் போன வேலைகளை யார் தள்ளுபடி செய்வது? ஆட்சிகளின் நிறம் பார்த்து இதை எழுதவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நடைபாதையில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் ஏற்றிச் சென்றபோதும் எனக்குத் தோன்றியது நேரத்தைப் பற்றித்தான். ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவர்களை ஊர் பார்க்கும் வெளிச்சத்தில் அப்புறப்படுத்த ஏன் முடியவில்லை?

தூத்துக்குடியைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2018 மே 22ஆம் தேதி ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போவோம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். 144 தடை உத்தரவு வந்தது 21ஆம் தேதி. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நேரத்தோடு தடை வந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காரியத்துக்குக் காரணங்கள் பல, அதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. ஆனால் கடைசி நிமிஷத்தில் போடும் தடை கூட்டத்தைக் கலைப்பதில்லை. கிளம்பிவிட்ட மக்களுக்கு முன்னால் காவலர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த வெயிலில் லத்தியோடு நிற்கும் காவலரும் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, திருவிழா, மந்திரி வருகை எல்லாம் ஒரே நாளில் வரும். ஆம்புலன்ஸுக்கு வழி விடாத மறியல்களை நானே திட்டியிருக்கிறேன். மனுவை வாங்கியதும் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘அந்த முனை வேணாம் சார், தாலுகா ஆபீஸ் எதிர்ல நில்லுங்க, பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுங்க’ என்று பேசி முடித்த ஆய்வாளர் ஒருவர் எங்களுக்கு வாய்த்திருந்தார். அன்றைக்கு ஒரு வண்டிகூட நிற்கவில்லை. பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

கேட்பது பெரிய காரியமில்லை. மனுவை வாங்கிய கையோடு தேதி போட்டு ஒப்புகை கொடுங்கள். மறுப்பதானால் குறைந்தது மூன்று முழு நாளுக்கு முன்னால், அந்த இடத்துக்கும் அந்த நாளுக்கும் பொருந்தும் காரணத்தை எழுதிக் கொடுங்கள். போன வருஷத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்ற வேண்டாம். கூடவே வேறொரு இடத்தைச் சொல்லுங்கள், பைபாஸுக்கு அப்பால் ஆளில்லாத பொட்டலாக இல்லாமல். அப்படியும் மீறி நின்றால் நடவடிக்கை எடுங்கள், ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

எங்கள் அடுத்த மனு தயாராகிவிட்டது. பள்ளிக்கூட வாசல் மதுக்கடை பற்றியது, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை பத்து முதல் பதினொன்று வரை, ஒலிபெருக்கி இல்லாமல். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குக் கொண்டு வருகிறேன். இரண்டு நகல் இருக்கும், ஒன்றில் முத்திரை வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நலச் சங்கத்தின் மனு எழுதுபவர்