செல்விக்கு, வளைகாப்புக்கு முன்

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. பாலோடு சேர்த்துச் சாப்பிடாதே.

ஸ்கேன் எடுத்த அன்று, உன் தம்பிக்கு ஆட்டிசம் என்று எத்தனை வயதில் தெரிந்தது என்று கேட்டாய். சொன்னேன். அதன் பிறகு நீ கூப்பிடவே இல்லை. மாப்பிள்ளைதான் பேசுகிறார், உனக்கு வேலை அதிகம் என்கிறார். இருக்கலாம்.

நீ கேட்காததற்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். ஆட்டிசத்தை வயிற்றில் இருக்கும்போதே காட்டும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. டவுன் சிண்ட்ரோமுக்கு உண்டு, இதற்கு இல்லை. பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் தாயின் குணத்தால் வருவதில்லை. தாய் பாசம் காட்டாததுதான் காரணம் என்று அமெரிக்காவில் பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். 1964இல் அதை மறுத்து எழுதிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்டுக்கே அப்படி ஒரு மகன் இருந்தான். அதே பேச்சை நம் கூடத்தில் பெரிய அத்தை பேசியபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளை நீ, எழுந்து நின்று எதிர்த்துப் பேசினாய். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தப் பெண் இப்போது ஏன் வாய் திறக்கவில்லை?

இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் ஏதாவது ஓர் அபாரத் திறமை இருக்கும் என்று மாப்பிள்ளை ஆறுதல் சொன்னார். நல்ல மனது. தம்பியிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். தேதி சொன்னால் கிழமை சொல்ல மாட்டான். காய்ந்த துணியை அவனுக்குப் பிடித்த வரிசையில் மடித்து வைப்பான். பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தினால் காதைப் பொத்திக்கொள்வான். உன் பெயரைச் சொன்னால் வாசலுக்குப் போய் நிற்பான். திறமையைக் காட்டித்தான் ஒருவன் இந்த வீட்டில் இருக்க வேண்டுமா? சிரமமே இல்லை என்று சொல்லவில்லை. திருச்செந்தூரில் நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

அப்பா ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டினார். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில், ஊனமுற்றவர்களைப் பராமரிக்க அரசுக்கு எவ்வளவு செலவு, அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்று பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே கேள்விகள் இருந்தனவாம். 1940, 1941 இரண்டே ஆண்டுகளில் ஊனமுற்றவர்களும் மனநோயாளிகளுமாக 70,000 பேருக்கு மேல் விஷவாயுவில் கொன்றார்கள். பணி ஓய்வு வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் முன் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஆசிரியர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் சம்பந்தி அம்மா போனில், “அவனால் உங்களுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு கஷ்டம்” என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் முடியவில்லை.

தம்பிக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க, கலெக்டர் தலைமையில் இருக்கும் குழுவுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. எங்களுக்குப் பிறகு உன் பெயர் என்கிறார் அப்பா. உன் வாயால் சம்மதம் கேட்காமல் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்றாலும் சொல், கோபப்பட மாட்டேன். மாத்திரை விஷயத்தில் மட்டும் கோபம் வரும்.

வளைகாப்புக் கூட்டம் தம்பிக்கு ஒத்துக்கொள்ளாது, வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாமே என்றும் சம்பந்தி அம்மா சொன்னார். நீ சொல்லச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவன் வருவான். காதுக்கு ஹெட்போன் மாட்டிவிடுகிறேன். சத்தம் அதிகமானால் அப்பா வெளியே கூட்டிப் போவார். உனக்கு வளையல் அடுக்கும்போது அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை. எந்த மண்டபம், எத்தனை மணிக்கு என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதே, நீயே கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா