தோஹாவில் இருக்கும் சேவியருக்கு

குளச்சல்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோட்டாறு திருவிழா, அதன் பின்னாலேயே அக்கா வீட்டுக் கல்யாணம் என்று பதில் எழுதுவது தள்ளிக்கொண்டே போனது. முதலில் வீட்டு விஷயம். உன் அம்மா சுகம். முட்டுவலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் காலைப் பூசைக்கு யாரையும் எதிர்பார்க்காமல் நடந்தே போய்விடுகிறார்கள். பின்பக்கம் மழை ஒழுகிய ஓடுகளை மாற்றியாயிற்று. அதற்கென்று இப்போது பணம் அனுப்ப வேண்டாம், நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் 2025-இன் அந்தச் செப்டம்பர் 9. காஸா சண்டையை நிறுத்தப் பேசிக்கொண்டிருந்த ஹமாஸ் ஆட்களைக் குறிவைத்து உங்கள் ஊரில் இஸ்ரேல் குண்டு போட்டதை இங்கே டிவியில் பார்த்ததும் உனக்குத்தான் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. "சமாதானம் பேச வந்தவன் தங்கியிருக்கிற இடத்திலேயே குண்டு போட்டால், இனி எவன் மக்கா நடுவில் நின்று பேசுவான்? ஐநாவும் அறிக்கையும் எல்லாம் வெறும் பேச்சு" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிறகு நடந்ததைப் பார். அந்த மாதம் 29-ஆம் தேதி நெதன்யாகு வெள்ளை மாளிகையில் இருந்தபடியே கத்தார் பிரதமருக்குப் போன் செய்து வருத்தம் தெரிவித்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் எகிப்தில் உடன்பாடு வந்தது, அக்டோபர் 10-இல் சண்டை நிறுத்தம். நடுவில் நின்றவர்களில் அதே கத்தாரும் உண்டு. சண்டை நிறுத்தம் வந்த பிறகும் காஸாவில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பேச்சே வீண் என்கிறாயே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பெரிய சபைகளில் சண்டையை நிறுத்தச் சொல்லி எழுந்த கோரிக்கைகள் பெரும்பாலும் தோற்றன. அது உண்மை. பாதுகாப்பு சபையில் 14 நாடுகள் கை தூக்கினாலும் அமெரிக்கா ஒரு வீட்டோ போட்டால் தீர்மானம் செத்துவிடும். இந்தப் போரில் அமெரிக்க வீட்டோ ஆறு தடவை விழுந்தது, கடைசியாக 2025 செப்டம்பர் 18-இல். ஆனால் இன்ன பாதை, இன்ன நேரம், இன்ன பொருள் என்று துல்லியமாகக் கேட்டபோது சில சமயம் நடந்திருக்கிறது. 2024-இல் டெய்ர் அல் பலாவில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ வந்து கால் முடங்கியது. காஸாவில் 25 வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் போலியோ. சொட்டு மருந்து கொடுக்கச் சண்டையை நிறுத்துங்கள் என்று ஐநா கேட்டது. முழுப் போரை அல்ல, பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம். இரண்டு தரப்பும் சம்மதித்தன. செப்டம்பர் மாதம் முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 5.6 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. இரண்டாம் சுற்றில் வடக்குப் பகுதிக்குப் போக முடியாமல் தள்ளிப்போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும், எத்தனை ஓட்டெடுப்பு நடத்தியும் நிற்காத துப்பாக்கி ஒரு சொட்டு மருந்துக்கு நின்றதே!

உன் தம்பியிடம் இதைச் சொன்னேன். கரையில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தான். அவன் கேட்டது வேறு: "காஸாக்காரங்க எவ்வளவு தூரம் தொழிலுக்குப் போவாங்க அண்ணே?" ஓஸ்லோ ஒப்பந்தப்படி 20 கடல் மைல் போகலாம், ஆனால் போருக்கு முன்பே ஆறு மைல், சில சமயம் மூன்று மைல் என்று சுருக்கிவிடுவார்கள், 2025-இல் கடலில் இறங்கவே தடை போட்டார்கள் என்றேன். அங்கேயும் முக்கியமாகச் சாளை மீன்தான் என்றதும் நிமிர்ந்து பார்த்தான். "மூணு மைலுக்குள்ள என்ன கிடைக்கும்? எண்ணெய்க் காசு தேறாதே." காஸாவின் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தில் கால்வாசிகூட இல்லை. அதற்குள் இருபது லட்சம் பேருக்கு மேல். நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி பத்தொன்பது லட்சத்துக்கும் குறைவு. அவனுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

அங்கே பசி வந்தது பொருள் இல்லாமல் அல்ல. போருக்கு முன் தினம் சுமார் 500 லாரி உள்ளே போகும். 2025 மார்ச் 2-இல் இஸ்ரேல் வாசலை அடைத்தது, பதினோரு வாரம் ஒன்றும் போகவில்லை. ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐநா ஆதரவுடன் கணிக்கும் வல்லுநர் குழு அறிவித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் மாவு மூட்டை நின்றது, அந்தப் பக்கம் பட்டினி கிடந்தார்கள். "உதவியை அனுமதியுங்கள்" என்று நாடுகள் சொல்வதைப் படித்தால் சப்பென்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வாசல், தினம் எத்தனை லாரி, யார் சோதனை போடுவது என்பதுவரை விடாமல் பிடித்துக் கேட்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் தூதர்கள்.

நம் நாட்டின் கையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. 2023 அக்டோபரில் காஸா சண்டையை நிறுத்தக் கோரிய ஐநா பொதுச் சபை ஓட்டெடுப்பில் ஒதுங்கினோம். இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய அக்டோபர் 7 தாக்குதலை அந்தத் தீர்மானம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்றார்கள், அதில் நியாயம் உண்டு. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பேர் கொல்லப்பட்டதை யாரும் தாண்டிப் போக முடியாது. டிசம்பரில் சண்டை நிறுத்தத்துக்கு ஆதரவாகப் போட்டோம், ஆதரித்த 153 நாடுகளில் ஒன்றாக. சரி. பிறகு 2025 ஜூனில் 149 நாடுகள் ஆதரிக்க, மறுபடி ஒதுங்கினோம். 1988-லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு இது. 2023 அக்டோபரில் எகிப்து வழியாக மருந்தும் நிவாரணமும் சேர்த்து 38 டன்னுக்கு மேல் அனுப்பினோம். அனுப்பிய கைக்கு ஓட்டுப் பொத்தானை அழுத்த என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கு இந்தச் சபைகளில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. திருத்தந்தை பிரான்சிஸ் போர்க்காலத்தில் ஏறக்குறைய தினமும் மாலையில் காஸாவில் இருக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போன் செய்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பாராம். கடைசியாக 2025 ஈஸ்டர் செய்தியிலும் சண்டையை நிறுத்துங்கள், பிணைக்கைதிகளை விடுங்கள், பசித்தவர்களுக்கு உதவுங்கள் என்று கேட்டார். மறுநாள் இறந்துபோனார். "பாப்பு சொல்லியே கேக்கல, பின்ன யாரு சொன்னாக் கேப்பானுவ?" என்கிறார்கள் அம்மா. பதில் சொல்ல முடியாமல் சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. நம் கடற்கரை வெற்றித்தூணைச் சுற்றி விளையாடித்தானே வளர்ந்தோம். டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா இங்கே தோற்கடித்தது 1741-இல். மாவேலிக்கரையில் உடன்படிக்கை ஆனது 1753-இல். ஜெயித்த பிறகும் பன்னிரண்டு வருஷம்! சண்டைக்குத் தூண் இருக்கிறது. உடன்படிக்கையைப் பற்றி ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

லீவு எப்போது என்று இந்த முறையாவது தெளிவாக எழுது. அம்மா கேட்டால் சொல்ல ஒரு தேதி வேண்டும். உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் மணவாளக்குறிச்சிக்காரர் அடுத்த வாரம் திரும்புகிறாராம். அவரிடம் ஏத்தங்காய் வற்றலும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். மட்டிப்பழம் கேட்டிருந்தாய், அது அவ்வளவு தூரம் தாங்காது.

அன்புடன்,
ராஜன்